கேஸ் முடியும்வரை கையை மடக்காதே!

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு முருகேசன் வீட்டில் லட்டு கொடுத்தார்கள். என்ன விசேஷம்? விபத்துக் கேஸ் ஜெயித்துவிட்டது. அதைவிட முக்கியம்... வலது கைக்கு நல்ல பர்சன்டேஜில் ஊனம் கிடைத்திருக்கிறது!

முருகேசன் கொள்ளேகால்காரர். ஹெப்பாளில் ஒரு ஃபாக்டரியில் மெஷின் ஆபரேட்டர். இரண்டு வருடம் முன்பு ஷிஃப்டுக்குப் போகும்போது ஒரு கார் அவர் பைக்கை இடித்தது. முழங்கையில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க நான்தான் கூட்டிப்போனேன்.

பிசியோதெரபி செய்யும் பெண் அன்றே சொன்னார்: "இன்னிக்கே மடக்கிப் பழகுங்க. விட்டா இறுகிடும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் வராது."

யார் கேட்டார்கள்?

மறுநாளே வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா வந்தார். மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி முழங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"சும்னே இருங்க முருகேசன். இப்ப எக்சர்சைஸ் பண்ணிக் கை சரியாயிட்டா ஜட்ஜுக்கு எதைக் காட்டறது? கேஸ் முடியட்டும். அப்புறம் நிதானமா மடக்கிக்கலாம்!"

அன்று முதல் அது முழங்கை அல்ல, கோர்ட் சொத்து. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை தானாக எழும். உடனே சமையலறையிலிருந்து மனைவி செல்வியின் குரல் வரும்: "ஏனுங்க, மடக்காதீங்க!" ஐந்து வயது மகள் கையைப் பிடித்துத் தொங்க வந்தால், "தொடாத கண்ணு, அப்பா கைக்குக் கேஸ் இருக்குது!"

இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 'முதலில் பிசியோவுக்குப் போ, செலவு எங்களுடையது, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்' என்று அந்த வாரமே சொல்லியிருக்கலாம். சில நாடுகளில் அப்படிச் செய்கிறார்களாம். இங்கே கடிதத்துக்குப் பதில் கடிதம்... அப்புறம் வாய்தா. கோர்ட் வாய்தா கொடுக்கும் — முழங்கை கொடுக்குமா?

நான்? தெருவுக்கே புத்தி சொல்கிறவன். அந்தப் பெண் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன். 'வக்கீல் ஆபீசுக்குத் தெரியாததா' என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கேஸ் முடிந்த மறுநாள் முருகேசன் அதே பெண்ணிடம் ஓடினார். அந்தப் பெண், கையைத் திருப்பிப் பார்த்து, "ஏன் சார் இவ்வளவு லேட்?" என்று மட்டும் கேட்டாராம். ஃபாக்டரியில் இப்போது அவரை மெஷினிலிருந்து எடுத்து, வாசல் கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"பதினாலு வருசம் ஓட்டுன மெஷினுங்ணா. சத்தம் மட்டும் கேட் வரைக்கும் கேக்குது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லட்டு டப்பாவோடு குமாஸ்தாவும் வந்திருந்தார். சாதனையாளர் முகம்! முருகேசன் பழக்க தோஷத்தில் வலது கையால் ஒரு லட்டை எடுத்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. வாய்க்கும் லட்டுக்கும் நடுவே அரை அடி.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து முழங்கையைத் தட்டினாள்.

"அப்பா, கேஸ்தான் முடிஞ்சிருச்சில்ல... இனி மடக்குப்பா!"

எல்லோர் வாயிலும் லட்டு. என் வாயிலும்தான்.