வெர்லீன் கோல்பர்ட்டுக்குக் கொடுத்த இடம்

2003 டிசம்பர் 7, ஞாயிறு காலை ஐந்து மணி. வெர்லீன் டக்கெட் காபியோடு உட்கார்ந்து வீடியோ கேசட்டைப் போட்டார். வாக்கைச் சொல்ல இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளை வரிசைப்படுத்த நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அறுபத்திரண்டு பேரில் அவரும் ஒருவர். அலபாமாவில் ஓக்லி என்ற சிற்றூரின் நாளிதழுக்குப் பத்தொன்பது வருடமாக விளையாட்டுச் செய்தி ஆசிரியர். அறுபத்திரண்டு பேரும் சொல்வதைக் கூட்டிப் பார்த்து, முதல் இரண்டு இடத்தில் வரும் அணிகளைத்தான் ஜனவரியில் பட்டத்துக்கு ஆட விடுவார்கள். அந்த வருடம் முதலிடத்தில் சண்டை இல்லை. இரண்டாவது யார் என்பதில்தான். நாற்பது மைல் தள்ளி இருக்கும் கோல்பர்ட் கல்லூரியா, மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் பென்ரோஸா? இரண்டும் தலா ஓர் ஆட்டம் தோற்றவை.

ஓக்லியில் யாருக்கும் சந்தேகமே இல்லை. முந்தின நாள் கோல்பர்ட் நாற்பத்தொரு புள்ளி அடித்து நொறுக்கியிருந்தது. பென்ரோஸோ 17-13 என்று தப்பிப் பிழைத்திருந்தது. போதாததற்கு, பந்தோடு ஓடுபவனுக்கு முன்னால் நின்று எதிரிகளைத் தள்ளி வழி திறக்கும் கோல்பர்ட்டின் பெரிய உடம்புக்காரர்களில் ஒருவன் மார்லன், வெர்லீனின் தம்பி கார்லிஸின் மகன். நான்காம் வருடம், இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சைத் தழும்பு. இதோடு அவன் ஆட்டம் முடிகிறது. பட்டத்துக்கு ஆட இன்னொரு வாய்ப்பு கிடையாது.

சனிக்கிழமை மாலையே, கோல்பர்ட் ஜெயித்த கையோடு, கார்லிஸ் பன்றி இறைச்சி வாட்டிக்கொண்டே பேச்சை எடுத்தான். "அக்கா, நான் ஒண்ணும் கேக்கல. நீ எப்பவும் நியாயமாதான் போடுவ. நியாயம் நம்ம பக்கம் இருக்குன்னுதான் சொல்றேன்."

"அப்புறம் எதுக்குடா எனக்கு மட்டும் ரெண்டு பங்கு வைக்கிற?" என்றார் வெர்லீன்.

ஆனால் அவரும் கோல்பர்ட் பக்கம்தான் சாய்ந்திருந்தார். மேற்கே நடக்கும் ஆட்டங்கள் இங்கே எல்லோரும் தூங்கிய பிறகுதான் முடியும். வாக்களிப்பவர்களில் பலர் காலையில் புள்ளிக் கணக்கைப் பார்ப்பதோடு சரி. வெர்லீனுக்கு அது ஒத்துவராது. பார்க்காத அணிக்கு அவர் இடம் கொடுத்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை. பதிவு செய்து வைத்து, ஞாயிறு விடிவதற்குள் பார்த்து முடித்துவிடுவார்.

கேசட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பென்ரோஸில் பந்தை வீசும் முதல் ஆள் பத்தாவது நிமிடத்திலேயே நொண்டிக்கொண்டு வெளியேறினான். அடுத்து வந்தவனும் தாங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பையன் வந்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி பந்தோடு எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் வரை வந்து, கோட்டைத் தாண்டினால் வெற்றி என்ற நிலையில் தனக்குரிய நான்கு வாய்ப்பிலும் முட்டியது. நான்கு முறையும் பென்ரோஸ் அசையவில்லை. வெர்லீன் அந்த நான்கையும் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தார். காபி ஆறிப்போயிருந்தது.

வாக்கைப் பதினொரு மணிக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அது தேவாலய நேரம். எல்லா ஞாயிறும் இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து அலுவலக அறைக்குப் போவதும், போதகர் அவர் திரும்பும்வரை அறிவிப்புகளை இழுப்பதும் ஊரறிந்த வழக்கம். அன்று அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, முன்வரிசையிலிருந்து கார்லிஸ் திரும்பிப் புருவத்தை உயர்த்தினான். வெர்லீன் பாட்டுப் புத்தகத்தின் மேல் மூன்று விரல்களை வைத்துக் காட்டினார். அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு திரும்பவே இல்லை.

மாலையில் முடிவு வந்தது. பென்ரோஸ் இரண்டாவது. வாக்குக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி குறைந்து கோல்பர்ட் மூன்றாவது. வெர்லீன் இரண்டையும் மாற்றிச் சொல்லியிருந்தால் கதையே வேறு.

ஒவ்வொரு திங்களும் தன் வரிசையை நாளிதழில் அச்சடித்து, 'என் தம்பி மகன் கோல்பர்ட்டில் ஆடுகிறான்' என்ற வரியையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் அதன் கீழே போடுவது அவர் வழக்கம். அந்தத் திங்களும் போட்டார். எண்ணை எடுத்துவிடலாமே என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். "வாக்கு என்னுது. திட்டு மட்டும் வேற யாருக்குப் போகணும்?" என்றார்.

மதியத்துக்குள் நாற்பது அழைப்புகள். எல்லோரையும் முழுதாகப் பேசவிட்டு, கேசட்டில் பார்த்ததைச் சொன்னார். ஒரு பெரியவர், அம்மணி மேற்கே குடிபோவதாக இருந்தால் சாமான்களை லாரியில் ஏற்றத் தானே வருவதாகச் சொன்னார். "பியானோ இருக்கு, துணைக்கு ஆள் கூட்டிட்டு வாங்க" என்றார் வெர்லீன்.

நாற்பத்தோராவது அழைப்பு மார்லனுடையது.

"அத்தை, அந்த கேசட் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அழிச்சிராதீங்க. வரேன்."

சாயங்காலம் வந்தான். சோபாவில் பாதிக்கு மேல் அவன்தான். கடைசி நிமிடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தான். நடுவில் குனிந்து நிற்கும் பென்ரோஸ் பையன் ஒருவனைத் திரையில் விரல் வைத்துக் காட்டினான். "இவன் நாலு தடவையும் முதல் ஆளா கீழ இறங்கிடறான் அத்தை. அப்படி இறங்கிட்டவன அசைக்கிறது கஷ்டம். இவன மாதிரி ஒருத்தன நான் இந்த வருஷம் தள்ளினதே இல்ல." பிறகு, "ஆனா தள்ளியிருப்பேன்" என்றான்.

"தள்ளியிருப்ப," என்றார் வெர்லீன்.

அவன் கேசட்டைக் கேட்டு வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

ஜனவரி முதல் தேதி கோல்பர்ட் புளோரிடாவில் வேறொரு கோப்பைக்கு ஆடியது. மார்லன் முழு ஆட்டமும் ஆடினான். செய்தி எழுத வெர்லீன் போயிருந்தார். கார்லிஸ்தான் காரை ஓட்டினான்.