அசையாமல் படுக்க ஒரு மெத்தை

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து, பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்காதே, இடது பக்கமாகவே படுத்திரு என்று திருவள்ளூர் டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. இதுவும் போனால் இனிமேல் தங்குமா என்று சொல்வதற்கில்லை என்றார்.

எழுபதுகளின் நடுவில், செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஒவ்வொரு ரயில் போகும்போதும் ஏறிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாமா என்றிருக்கும். வீட்டில் இருந்தது இலவம்பஞ்சு மெத்தை. சில நாளிலேயே இடுப்பு பட்ட இடம் குழியாகிவிட்டது. குழியில் கிடந்தால் முதுகு வலித்தது. தட்டிப் போடலாமென்றால் எழுந்திருக்கக்கூடாது. எரிச்சலெல்லாம் கணவர் மேல் பாய்ந்தது. அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டுக்கு மெத்தை வைக்கிறவர்.

"பஸ்ல போறவனுக்குப் பாத்துப் பாத்து மெத்த வெக்கறீங்க. கட்னவ இங்க குழியில கெடக்கறா!"

மறுநாளே ஃபோம் துண்டுகளை வாங்கி, ரயில் கூட்டத்தில் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் மெத்தென்றிருந்த ஃபோமையே இரண்டு அடுக்காகப் போட்டார். படுத்ததும் சொர்க்கம்தான். கொஞ்ச நேரத்தில் இடுப்பு அமுங்கி அடிப்பலகையைத் தொட்டது. அடுத்த வாரம், தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய கெட்டி ஷீட்டை மேலே போட்டார். அதில் தோளும் இடுப்பெலும்பும் கன்றிப்போயின. ஒவ்வொரு தடவையும் என்னைப் படுக்க வைத்து, இடுப்பு வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே இல்லையென்றால் ரொம்ப மெத்து.

"இரும்மா, அசையாத."

"அசையாமதான் கெடக்கறேன், பொணமாட்டம்."

கடைசியில் ஒரு வழி பிறந்தது. அடியில் நார் ஷீட், நடுவில் கெட்டி ஃபோம், மேலே இரண்டங்குல ரப்பர், அதாவது பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள லேடக்ஸ். மூன்றையும் பசை போட்டு ஒட்டினார். பசை நாற்றத்தில் நான் குடல் வெளியே வர வாந்தியெடுத்தேன். எல்லாவற்றையும் பிரித்து, ஒட்டாமலே அடுக்கி, பக்கவாட்டில் திறக்கிற உறை தைத்துப் போட்டார். அன்று பகலெல்லாம் ஒரே பக்கமாகத் தூங்கினேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊரிலிருந்து மாமியார் வந்தார். நெல் விளையும் நிலத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வந்த மனுஷி, சும்மா இருப்பாரா? மெத்தை என்றால் அவருக்கு வெயிலில் காய வேண்டும். இல்லாவிட்டால் மூட்டைப்பூச்சி வரும். கணவர் ரயிலேறியதும் என்னை மெல்லப் பாய்க்கு நகர்த்திவிட்டு, மேலடுக்கு ரப்பரை உருவி மதில் மேல் விரிப்பார். வெயில் தாழ்ந்ததும் கதகதவென்று திரும்பி வரும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பஞ்சுக்கு நல்லது செய்கிற வெயில் ரப்பரைத் தின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சில வாரங்களில் விரிப்பெல்லாம் மஞ்சள் பொடி. ஒரு மத்தியானம் புரண்டபோது ரப்பர் ரஸ்க் மாதிரி நொறுங்கி, விளிம்பு இடுப்பில் குத்தியது. எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தேன்.

"என்னால முடியாது! இதுவும் போனா போவட்டும்!"

வாசற்படியில் மாமியார் நின்றிருந்தார். உள்ளே வந்து உறைக்குள் கையை விட்டு எடுத்தார். கையெல்லாம் மஞ்சள்.

"நாந்தான் பாழாக்கிட்டேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "உன் ஊட்டுக்காரனுக்கு முன்னாடி எனுக்கு மூணு போச்சும்மா. நாத்து நட்டுக்கினு இருந்தப்ப ஒண்ணு. களத்துல நெல்லு தூத்திக்கினு இருந்தப்ப ரெண்டு. படுத்துக்கோன்னு எனுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா கல்லு மேல கூட படுத்திருப்பேன்."

காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டேன். நான் சொன்னதை எண்ணி உடம்பெல்லாம் கூசியது. மாலையில் கணவரிடம், நீங்கள் வாங்கி வந்த சரக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வேறு ரப்பர் வாங்கி வந்தார். அது வெயிலைப் பார்க்கவேயில்லை.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டில், அதன்மேல் ஒரு ரெக்சின் விரிப்பு. குழந்தையை என் கைமேல் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போனது. முதுகுக்குக் கீழே விரிப்பின் மடிப்பு உறுத்தியது. என் முகம் சுளிப்பதைப் பார்த்து, குழந்தையை வாங்கிக்கொள்ள மாமியார் கையை நீட்டினார்.

"வேணாம் அத்தே," என்றேன். "இப்டியே கெடக்கறேன்."