கழுவித் துடைத்த மேசை

2025 பிப்ரவரி 8, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் எழுந்ததும் டிரம்மை நிரப்பினேன். மாடிச் செடிகளுக்கு ஊற்றினேன். நாளிதழை வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்தேன். இட்லி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மனைவி புறப்பட்டு வாசலில் நின்றாள். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு பரீட்சை அட்டை.

மரப்பலகையில் இரும்பு கிளிப் வைத்த பழைய அட்டை அது. என் மாமனார் செல்லூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாடிப்பட்டிப் பக்கத்து ஊரில் பிறந்து பேரெடுத்த ஓர் எழுத்தாளர் அவருடைய நண்பர். மதுரைக்கு வரும்போதெல்லாம் மாமனார் வீட்டில் தங்கி, இந்தப் பலகையை மடியில் வைத்து எழுதுவாராம். கடைசியாக வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போனவர், எடுக்க வரும் முன்பே இறந்துவிட்டார். பலகையின் ஓரமெல்லாம் அவர் கைப்பட்ட மை. பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல்கள், கதையில் யாருக்கோ வைத்துப் பார்த்து அடித்துவிட்ட பெயர்கள், முடிக்காத ஒரு வாக்கியம்.

போன வருடம் மாமனார் படுக்கையில் இருந்தபோது மகளிடம், “அது அவுக வீட்டுச் சாமான், ஆத்தா. கொண்டுபோய்க் குடுத்துரு” என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் போன பிறகு அந்தத் தலையாட்டல் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

எழுத்தாளரின் வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை இல்லை. அதை நடத்தும் பெண் எங்களைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பலகை இருப்பது எப்படியோ தெரிந்து, எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று திரும்பத் திரும்பப் போன் செய்தாள். அவ்வளவு அவசரம் எதற்கு?

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதும் சொன்னேன்: “முதல்ல சுத்திப் பார்ப்போம். நான் சரின்னு சொன்ன பிறகு பையைத் திற.”

“வெண்டைக்காயை ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பார்க்கிற ஆளு நீங்க. உங்க சரி வர்றதுக்குள்ள எனக்கும் ஒரு நினைவு இல்லம் வச்சிருவாங்க” என்றாள்.

வாடிப்பட்டியில் இறங்கி ஆட்டோவில் போனோம். தெருவோடு ஒட்டிய ஓட்டு வீடு, இரண்டு அறைகள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். எழுத்தாளருடைய தம்பியின் மருமகள். “வாங்கண்ணே, வாங்க மதினி” என்று மோர் கொடுத்தாள். அவள் கண் பையிலேயே இருந்தது. அதையும் கவனித்துக்கொண்டேன்.

உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்காலி புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளத்தது. அதன் பின்னல் பிரம்பு இல்லை, பிளாஸ்டிக் வயர். மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. வேட்டி கஞ்சி போட்டுத் தேய்த்து, கடையில் வாங்கி வந்ததுபோல் மடிந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய மேசை. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். நாற்பது வருடம் எழுதிய மனிதரின் மேசையில் ஒரு சொட்டு மைக்கறை இல்லை. மடியில் பலகை வைத்து எழுதியவருக்கு மேசை எதற்கு என்ற கேள்வியும் வந்தது. எல்லாம் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை என்று முடிவே கட்டிவிட்டேன்.

“இது அவர் எழுதின மேசைதானா?”

“வேற யாரு எழுதுனது? வீட்டுல இருந்தா பெரிய மாமா இதுலதான் எழுதுவாக. வெளியூருக்குப் போனாத்தான் பலகை.”

“புதுசு மாதிரி இருக்கே.”

நான் குத்திக் கேட்டது அவளுக்குப் பாராட்டாகக் கேட்டது. முகம் மலர்ந்தது. “பொங்கலுக்குப் பொங்கல் நானே சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பேண்ணே. இந்த மேசை இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது. ஒரே மை. கையெழுத்தும் கிறுக்கலும்… சொரண்டி எடுக்க மூணு பொங்கல் ஆச்சு. ஆளுக வந்து பார்க்கிற இடம், அழுக்கா வச்சிருந்தா வீட்டுப் பொம்பளையைத்தான சொல்லுவாக?”

நான் மேசையின் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, போன் வெளிச்சத்தில் அதன் அடிப்பலகையைப் பார்த்தேன். சோப்பும் துணியும் எட்டாத இடம். வற்றிய குளம்போல் நீல மை படர்ந்து காய்ந்திருந்தது. அதே நீலம்தான் எங்கள் பலகையிலும். மேசை அவருடையதுதான். அப்படியானால் நான் சந்தேகப்பட்ட மற்றவையும் அவருடையவைதான். அவர் இருந்த தடத்தை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கழுவிவிட்டிருக்கிறார்கள்.

இழுப்பறையை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மனைவி பையைத் திறந்து பலகையைக் கொடுத்துவிட்டாள். என் சரிக்கு அவள் காத்திருக்கவில்லை.

அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். “அடி ஆத்தி, இம்புட்டு அழுக்கா. ஒரு நிமிசம் இருங்க மதினி, ஒரு அலசு அலசிப் பொட்டு வச்சுக் கொண்டாந்துர்றேன்” என்று புழக்கடைத் துவைகல்லை நோக்கி நடந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஓடிப்போய்ப் பலகையின் மறு முனையைப் பிடித்தாள். “கழுவ வேணாம்.”

“கழுவாம எப்படி மதினி சாமி படத்துக்கு எதிர்க்க வைக்கிறது?”

“இது அழுக்கு இல்ல. அவர் எழுத்து.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவு வழியாக மேசையைப் பார்த்தாள். “அப்ப அதுல இருந்ததும்…” என்றாள். அவள் முதலில் கையை எடுத்தாள்.

மனைவிதான் பேசினாள். “இதைக் கண்ணாடி போட்டுத் தாரோம். அப்புறம் நீங்க கண்ணாடியைத் தினமும் தொடைங்க.”

“பொட்டு?”

“கண்ணாடி மேல வைங்க.”

அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சீக்கிரம் போட்டுக் கொண்டாந்துருங்க மதினி. நான் தொடவே மாட்டேன்” என்றாள்.

திரும்பி வரும்போது பலகை மனைவியின் மடியில் இருந்தது. “பின்பக்கம் கொக்கி வைக்கக் கூடாது. திறக்கவே முடியாதபடி ஆணி அடிக்கச் சொல்லணும்” என்றேன்.

“தொடமாட்டேன்னு சொன்னாளே. இன்னும் என்ன சந்தேகம்?”

“அவ மேல இல்ல. அடுத்த பொங்கல் மேல.”

அவள் சிரிக்கவில்லை. பலகையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பாவிடம் சொன்னது இன்றும் நடக்கவில்லை என்ற கணக்கு அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும், காபிக்கு முன்பே, பழைய வேட்டியை விரித்துப் பலகையை அதன்மேல் வைத்தேன். டேப்பால் நீளமும் அகலமும் அளந்தேன். கண்ணாடி மையில் படாமல் நிற்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஓரத்தில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்துப் பார்த்தேன்.