போயா தெரியாத ஃபோர்முலா

லென்ஸ் அரைக்கும் மெஷினிலிருந்து வரும் கருகிய பிளாஸ்டிக் வாசம்... கண்டி டவுனில் எனக்குக் கிடைத்த முதல் வேலையை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறுகிறது. கண்ணாடிக் கடை வேலை.

மடுல்கெல்லையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். கவுன்டரில் பக்கத்துக் கதிரை ஃபரீனாவுடையது. வாய் ஓயாது அவளுக்கு!

ஓடர்களுக்கு ஒன்லைன் லிஸ்ட் போட்டவளும் அவள்தான். ஓடர் எடுத்த தேதியை அடித்தால் போதும், கண்ணாடி கிடைக்கும் தேதி அடுத்த கட்டத்தில் தானாகவே விழும். ஐந்து நாள் கூட்டு, ஞாயிறு வந்தால் இன்னொரு நாள் கூட்டு... அவ்வளவுதான் ஃபோர்முலா. அந்தக் கட்டத்தில் யாரும் கையால் எழுத முடியாது. அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

ஒருநாள் தெல்தோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். வெள்ளிக்கிழமை கல்யாணம். கண்ணாடி உடைந்துவிட்டது.

"லேட் பண்ணிறாதீங்க அக்கா... கண்ணாடி இல்லாம ஒக்காந்தா, பொண்ணுன்னு நெனச்சு மச்சினிச்சி கழுத்துல தாலிய கட்டிருவேன்!"

ஃபரீனா ஸ்கிரீனைத் தட்டினாள். "வியாழக்கிழமை வாங்க. கொம்பியூட்டர் சொன்னா சொன்னதுதான்."

புதன் மாலை ஷட்டரை இறக்கும்போது முதலாளி சொன்னார்: "நாளைக்கு போயா. கடை லீவு."

ஃபரீனாவுக்கு முகமே செத்துப்போனது. "யா அல்லாஹ்! மாப்புள்ளைக்கு நாளைக்குத்தானே டேட் குடுத்தீக்கி!"

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த ஃபோர்முலாவுக்கு மாதாமாதம் வரும் பௌர்ணமி லீவு தெரியவில்லை. மாப்பிள்ளையின் போனுக்கு அடித்தோம், அடித்தோம்... அவர் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் இல்லை.

ஃபரீனா கண்ணாடியை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டாள். "காலைல வந்து கடை வாசல்ல நிப்பம் புள்ள."

நின்றோம். வெள்ளை உடுத்து, பூத்தட்டோடு தலதா மாளிகாவை விகாரைக்குப் போனவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பஸ் பஸ்ஸாக வந்தது, அவரைக் காணோம். ஃபரீனா துஆ ஓதவே தொடங்கிவிட்டாள்.

நடுப்பகலாகும் நேரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னைக்கு மங்கலாத்தான் தெரிஞ்சீங்க... இப்பதாங்க ஒங்க மொகத்தையே பாக்குறேன்!"

ஃபரீனா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

பிறகு ஒவ்வொரு ஜனவரியும் புதுக் கலண்டரை விரித்து நான் போயாக்களை வாசிக்க, அவள் ஒவ்வொன்றாக ஃபோர்முலாவுக்குள் திணிப்பாள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் லிஸ்ட் முழுக்க எரர்... அதற்கும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இப்போது அவள் கட்டாரில். கடையில் புது சிஸ்டம். போயா, பெருநாள், தீபாவளி எல்லாம் அதற்கே தெரியும்; மெசேஜும் தானாகப் போகும். ஒரு தேதியும் பிசகுவதில்லை. வருகிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள். யாருக்கு எப்போது கல்யாணம் என்று எனக்குத் தெரிவதே இல்லை.

நல்லதுதான்... ஆனால் போயா நாளில் வீட்டில் சும்மா இருக்கும்போது உன்னைத் தேடுது ஃபரீனா. வா, வந்து அந்தப் பிழையான ஃபோர்முலாவையே போடு.

நான் வந்து உன்னோடு நிற்கிறேன்.