எனக்கு மட்டும் சின்னக் கொய்யா

"கொய்யா சீசன் ஆரம்பிச்சா இவளும் கூடையைத் தூக்கிண்டு கிளம்பிடுவா. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாச்சு!"

தலைநகரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை இப்படிச் சொன்னபோது நான் அவருடைய மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. கூலிக்காரர்களின் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள், ஓர் இடம் வீணாகும் என்பது அவருடைய கவலை.

அம்மா சற்றும் தயங்கவில்லை. "நான் தோட்ட வேலைக்கெல்லாம் போறதில்லீங்கம்மா. கோட்டர்ஸ்ல ஒரு வீட்ல சமைக்கிறேனுங்க" என்றாள்.

அம்மாவுக்கு எங்கள் மூன்று பேருக்குச் சமைக்கவே பிடிக்காது. விடியுமுன் முனிர்காவில் எங்கள் குடிசையிலிருந்து கிளம்பி, ஒப்பந்தக்காரரின் லாரியில் ஏறி, மெஹ்ரோலிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போவாள். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாதென்று வாசலிலேயே சொல்லி அழைத்து வந்திருந்தாள். பொய் எடுபட்டது. எனக்கு இடம் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் முதல் வகுப்பை ஒரு கொய்யாத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் எல்லாரும் அரசாங்கக் குடியிருப்புப் பிள்ளைகள். கொய்யா மார்க்கெட்டில் காய்க்கிறது என்று நம்பியவர்கள். நான் அவர்களுக்கு வழிகாட்டியாக என்னை நானே நியமித்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"அச்சா, எல்லாரும் லைன்ல வாங்கோ. ஜல்தி, ஜல்தி!" என்று டீச்சர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

மரத்தடிகளில் ராஜஸ்தானிப் பெண்கள் முகம் மறைய முக்காடிட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் குரல் கொடுத்ததும் கொக்கிக் கம்பால் கிளைகளைத் தாழ்த்திப் பிடித்தார்கள். நாங்கள் எம்பி எம்பிப் பார்த்தோம். எட்டாதவர்களுக்கு அவர்களே பறித்துக் கையில் வைத்தார்கள்.

எங்கள் வரிசைக்குக் கிளையைத் தாழ்த்தியவளும் மார்புவரை முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள். ஆனால் அந்தப் பச்சைச் சேலை அம்மாவுடையது. அதன் ஓரத்தில் ஸ்டவ் நெருப்பு தின்ற ஓட்டை, நான் விரலை விட்டு விளையாடும் ஓட்டை. லாரி எந்தத் தோட்டத்தில் இறக்கிவிடும் என்பது அம்மாவுக்கே முன்னால் தெரியாது. அன்றைக்கு இங்கே இறக்கிவிட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் முக்காடு போட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குக் குளிர்கிறது போலும் என்று நினைத்தபடி ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்தேன்.

"ஜாவ் பேட்டா, ஜாவ்" என்று இந்தியில் என்னைப் போகச் சொன்னாள்.

அம்மா என்னிடம் இந்தியில் பேசியதே இல்லை. பிடித்த சேலையை விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் கை நிறையும் பழமாகப் பார்த்துக் கொடுத்தவள், என் கையில் மட்டும் கல் மாதிரி ஒரு பிஞ்சை வைத்தாள்.

"ஏய், அந்தம்மா உனக்கு நெல்லிக்கா குடுத்திருக்காடி!" என்று பக்கத்தில் நின்றவள் சிரித்தாள்.

டீச்சர் அந்த முக்காட்டைக் காட்டி, "பார்த்தேளா? படிக்கலேன்னா இப்படித்தான் மரம் மரமா நிக்கணும்" என்றார். தமிழ் தெரியாதவள் எதிரில் தமிழில் எதையும் சொல்லலாம் அல்லவா?  முக்காட்டுக்காரி பிடித்திருந்த கிளை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

சாயங்காலம் அம்மா வந்ததும் கேட்டேன். "ஏம்மா எனக்கு மட்டும் சின்னது?"

அம்மா முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எல்லாப் புள்ளைங்களும் ஒரே துணியில ஒரே மாதிரி நின்னீங்க. அதுல நீ எதுன்னு எனக்கு எங்க தெரிஞ்சுது?"

பெற்ற பெண்ணை அடையாளம் தெரியாத அம்மாவும் உண்டா என்று அழுதேன்.  அன்று அவள் சாப்பிடவில்லை. பெரிய பழமெல்லாம் தின்றுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா என் பள்ளிப் பக்கம் வரவேயில்லை. நான் பரிசு வாங்கிய நாட்களில்கூட, "வேலை கெடக்குடி, நீ போயிட்டு வா" என்பாள். என் படிப்பில் அவளுக்கு அக்கறை இல்லையென்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். நான் பத்தாவது படித்த வருடம் மஞ்சள்காமாலையில் அவள் இறந்துபோனாள். யாராவது அவளை அடையாளம் கண்டு, தோட்டத்தில் பார்த்தோமே என்று சொல்லிவிட்டால் என் இடம் போய்விடும் என்ற பயத்தோடே அத்தனை வருடமும் இருந்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் அன்று யாரோ போலப் பிஞ்சைக் கொடுத்தாள். அது எனக்குப் புரிந்தபோது வீட்டில் அவள் இல்லை. என் வகுப்பறையை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பாதியில் நிற்காமல் பி.ஏ. முடித்துவிட்டேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.யில் சேர்ந்து, நேற்று காலை முனிர்காவிலிருந்து நடந்தே முதல் வகுப்புக்குப் போய் வந்தேன்.