இடது தடத்தில் தேங்காய்கள்

பினாங்கில் இரண்டு கார்கள் இடித்துக்கொண்டால் கூட்டம் கூடுவதில்லை. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. ஓட்டுநர்கள் இறங்குகிறார்கள், கைபேசியை எடுக்கிறார்கள், எதிராளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நசுங்கிய தகட்டைப் படம் பிடிக்கிறார்கள். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகின்றன. திருச்சியில் ஒருமுறை தில்லைநகர் முனையில் ஒரு ஆட்டோ என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் மோதியது. நான் எழுந்து நிற்பதற்குள் டீக்கடைக்காரர், பூ விற்கும் அம்மா, பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஒரு நீதிமன்றமே கூடிவிட்டது. ஆட்டோக்காரர் என்னைவிடச் சத்தமாகப் பேசினார். தீர்ப்பு அவர் பக்கம் போனது. சத்தம் இல்லாத ஊரில் வாழவேண்டும் என்று அன்று டைரியில் எழுதி வைத்தேன். பிறகு தீவிலிருந்து பாலம் கடந்தால் வரும் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்து இங்கே வந்தேன். இங்கே சிவப்பு விளக்கில் நிற்கிறேன், தடம் மாறுமுன் சிக்னல் போடுகிறேன், நான் செய்வதையே மற்றவர்களும் செய்வதைப் பார்த்துத் திருப்திப்படுகிறேன். ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இதைப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன். ஏமாற்றுவதற்குச் சத்தம் தேவையில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் முருகனின் ரதம் நகரத்திலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும். அது போகும் சாலைகளில் சிதறுகாய் போடுவதற்காகத் தேங்காய்களைக் குவித்து வைப்பார்கள். ஊரில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒன்றிரண்டு உடைப்போமே, அதை மனதில் வைத்துக்கொண்டு கற்பனை செய்யவேண்டாம். இங்கே லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டுபவர்களில் பாதிக்குமேல் சீனர்கள். வியாபாரம் நன்றாக நடந்ததற்கு, பிள்ளை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு என்று அவரவர் நேர்த்திக்கடன். சாலையின் இடது தடம் முழுவதும் மதில்போலத் தேங்காய் நிற்கும். ரதம் வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

போன வருடம் அந்த நாள் காலையில் பூ வாங்கிக்கொண்டு, ரதம் வரும் டத்தோ கிராமாட் சாலையில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பெயிண்ட் கடைக்கு முன்னால் சாலையைக் கடந்தவர்களுக்காக நின்றேன். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் என் காரின் வலது பின்மூலையில் மோதியது. இறங்கி வந்தவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். மஞ்சள் வேட்டி, நெற்றியில் விபூதி. பெயர் கணேசன் என்றார். நான் கைபேசியை எடுத்தேன்.

“அண்ணே, இந்தியாவா நீங்க? பேச்சுலயே தெரியுது. நம்ம ஆளு லா! படம்லாம் எதுக்குண்ணே? ரதம் வந்துக்கிட்டு இருக்கு, சாமிக்கு வழி விடணும்ல. காடிய மொதல்ல அந்தச் சந்துக்குள்ள எடுங்க.”

“ரிப்போர்ட் கொடுக்கணும் இல்லையா?”

“போலீஸு, இன்சூரன்ஸுன்னு போனா சூசாண்ணே, பெரிய தொல்லை, அலைய விட்ருவானுங்க. என் மச்சான் வொர்க்‌ஷாப் வச்சிருக்கான். பூசம் முடியட்டும், புதுசா பண்ணிக் குடுத்துர்றேன். முருகன் மேல சத்தியம்.”

வேலையில் நான் யார் வாய்வார்த்தையையும் நம்பியதில்லை. ஒரு திருகாணியை அனுப்புவதற்குக்கூட மூன்று கையெழுத்து கேட்பவன். ஆனால் அன்று ரதம் வந்துகொண்டிருந்தது, வேட்டி கட்டிய ஒருவர் தமிழில் அண்ணே என்கிறார், சாமிக்கு வழிவிடச் சொல்கிறார். காரைச் சந்துக்குள் எடுத்தேன். படம் எடுக்கவில்லை. மலாய்க்காரரோ சீனரோ மோதியிருந்தால் நாலு பக்கமும் படம் எடுத்திருப்பேன். தமிழர் என்பதால் எடுக்கவில்லை.

பூசம் முடிந்தது. அவர் கொடுத்துவிட்டுப் போன எண்ணில் கைபேசி எடுக்கப்படவே இல்லை. ஒரு நாளுக்குள் போலீசில் புகார் தரவேண்டும் என்பது இங்கே விதி. நான் போய்ப் புகார் எழுதியபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. கணேசனோ என்னிடம் சத்தியம் செய்த அதே நாள் மதியமே புகார் கொடுத்துவிட்டிருந்தார். சில வாரங்களில் காப்புறுதி நிறுவனத்திலிருந்து முடிவு வந்தது. தவறு என்னுடையது. காரணமாக அவருடைய வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியைக் காட்டியிருந்தார்கள்: இந்த ஓட்டுநர் இந்தியாவிலிருந்து வந்தவர், அங்கே ஓட்டும் வழக்கப்படி சிக்னல் போடாமல் இடது தடத்திலிருந்து திடீரென்று என் காருக்கு முன்னால் நுழைந்தார்.

பழுதுபார்க்கும் செலவு எனக்குப் பொருட்டில்லை. அந்த வரிதான் உறைத்தது. அங்கே ஓட்டும் வழக்கப்படி! எந்த வழக்கத்திலிருந்து விலகி ஓடிவந்தேனோ அதையே என் முதுகில் எழுதி ஒட்டிவிட்டார், அதுவும் நம்ம ஆளு என்று சொன்ன வாயால். இனி அவர் மன்னிப்புக் கேட்டாலும் போதாது என்று முடிவு செய்தேன். அவருடைய பொய் அவர் பெயரிலேயே பதிவாகவேண்டும். அதை அவர் தன் கையால் வாங்கிப் படிக்கவேண்டும். அந்த முகத்தைப் பல விதமாகக் கற்பனை செய்துகொண்டே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வந்தேன். மேல்முறையீடு செய்தேன். புதிய ஆதாரம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை.

ஒரு சனிக்கிழமை அந்த இடத்துக்கே போய் நின்றேன். இடது தடத்தில் மோட்டார் சைக்கிள்களும் வேன்களும் சீராகப் போய்க்கொண்டிருந்தன. ஏதோ உறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அன்று இந்தத் தடத்தில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. ஓட முடியாது. என் கார் ஜன்னல் உயரத்துக்குத் தேங்காய் இருந்தது. ஓடியது வலது தடம் ஒன்றுதான். தடமே இல்லாத இடத்திலிருந்து நான் எப்படி நுழைந்திருக்க முடியும்? சாமி பெயரைச் சொல்லி என்னை நகர்த்தியவர், பொய் எழுதும்போது சாமியின் தேங்காயை மறந்துவிட்டு வெறும் சாலையை வைத்து எழுதியிருக்கிறார். நானும்தான் என் புகாரில் தேங்காயைக் குறிப்பிடவில்லை. போலீசுக்கு எதற்குத் தேங்காய் என்று நினைத்திருந்தேன்.

பெயிண்ட் கடைக்குள் போனேன். உரிமையாளர் ஒரு சீன அம்மா, அறுபது வயதிருக்கும். என் மலாய் தொழிற்சாலை மலாய். தைப்பூசத் தேங்காய் பற்றிப் பேசவேண்டும் என்றேன்.

“தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் வா” என்றார் அவர்.

“தேங்காய் வேண்டாம். படம் வேண்டும்.”

“முருகன் படமா? அது கோயிலில் கிடைக்கும்.”

“தேங்காயின் படம்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கைபேசியை எடுத்துவிட்டார். குவியல் போன வருடத்தைவிடக் குறையக்கூடாது என்பது அவருடைய வேண்டுதல். அதனால் ஒவ்வொரு வருடமும் உடைப்பதற்கு முன் கடை வாசலிலிருந்து படம் எடுத்து ஒப்பிடுவாராம். இடது தடத்தை முழுக்க அடைத்த தேங்காய், அதையொட்டி ஒற்றை வரிசையில் கார்கள், படத்தின் மேல் அன்றைய தேதியும் நேரமும். என் கார் அந்தப் படத்தில் இல்லை. இருக்கவேண்டிய தேவையும் இல்லை.

படத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அங்கே என் மேல்முறையீட்டைப் பார்த்தவர் நூருல் என்ற இளம் அதிகாரி. கோலாலம்பூரிலிருந்து ஆங்கிலத்தில் அழைத்தார்.

“அங்கிள், சாலையில் யார் தேங்காய் வைப்பார்கள்?”

“எல்லாரும்.”

“எதற்கு?”

“உடைக்க.”

“இவ்வளவையுமா?”

“இவ்வளவையும்.”

“சரி. நீங்கள் வருவதற்கு முன் யாராவது அதை ஒதுக்கி வழி செய்திருக்கலாம் அல்லவா?”

“சாமிக்கு வைத்த தேங்காயை ரதம் வருவதற்கு முன் தொட்டால் என்ன நடக்கும் என்று அந்தக் கடைக்கார அம்மாவைக் கேளுங்கள்” என்று எண்ணைக் கொடுத்தேன். கேட்டிருக்கிறார். அம்மா என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் முடிவு மாறியது. பின்னால் வந்தவர் மீதே தவறு. கணேசனின் வாக்குமூலம் ஏற்கத்தக்கதல்ல என்ற வாசகத்தை மட்டும் பலமுறை படித்தேன். அத்துடன் விட்டுவிடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். விடவில்லை. பொய்ப் புகார் கொடுத்தார் என்று போலீஸ் நிலையத்தில் முறையாக எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கைபேசி ஒலித்தது. இத்தனை காலம் எடுக்கப்படாத அதே எண்.

“அண்ணே, என்னண்ணே இது? ஸ்டேஷனுக்கு வரச் சொல்றான். நம்ம ஆளுக்கு நாமளே இப்டி செய்யலாமா லா?”

“இந்தியாவுல இப்படித்தான் வழக்கம் தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

இந்த வருடம் ரதம் வந்த நாளில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் வேலையாட்களோடு சேர்ந்து நானும் விடியற்காலையில் தேங்காய் இறக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இடது தடத்தில் குவியலோடு குவியலாக நின்றேன். நான் வந்ததாகக் கணேசன் எழுதிய அதே தடம். வலது தடத்தில் கார்கள் ஊர்ந்தன. அவற்றில் அந்த வெள்ளைக் காரும் வந்தது. மக்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்ததால் எனக்கு நேராக அது நிற்கவேண்டியதாயிற்று. அவர் என்னைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ஒரு வருடமாக நான் கற்பனை செய்த எந்த முகமும் இதற்கு ஈடாகவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அம்மாவிடம் என்னைக் காட்டி யார் என்று மலாயில் கேட்டார். ஊரிலிருந்து வந்தவன், இந்தியாக்காரன் என்று ஏதோ ஒன்றைச் சொல்வார் எனக் காத்திருந்தேன். “இந்தக் கடை ஆள்” என்றார் அவர், தேங்காயை எண்ணிக்கொண்டே.

ரதத்தின் மேளம் கேட்டதும் போலீஸ்காரர் வலது தடத்தையும் காலி செய்தார். வெள்ளைக் கார் போய்விட்டது. அம்மா என் கையில் முதல் தேங்காயைக் கொடுத்தார். அது முருகனுக்கு. இரண்டாவதை நானே எடுத்தேன். அது யாருக்கு என்று முருகனுக்குத் தெரியும். ஓங்கி அடித்ததில் ஒரு மூடி வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது தடத்துக்கு உருண்டது. மற்றது என் காலடியிலேயே கிடந்தது. தேங்காய்த் தண்ணீர் கணுக்கால்வரை தெறித்திருந்தது. துடைக்காமல் மூன்றாவதை எடுத்தேன்.