விழுப்புரம் வரை நின்றே வந்தவர்

எண்பதுகளில் ஒரு பங்குனி மதியம், திண்டிவனத்தில் நான் ஏறிய விழுப்புரம் பேருந்தில் என் பக்கத்தில் அந்தப் பகுதி எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, முழங்கையில் ஒட்டுத்தையல் போட்ட கதர்ச்சட்டை, மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. சட்டசபையில் தாம் தவறவிட்ட வாக்கெடுப்புகளையும், அன்று எந்த அரசு வேலையாக எங்கே போயிருந்தார் என்பதையும் அதில் எழுதியிருந்தார். யார் கேட்டாலும் திறந்து வாசிப்பாராம். தினமும் நாட்குறிப்பு எழுதும் எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

முன் இருக்கையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு இருந்த அம்மாள் திரும்பினார்.

"கூலிக்காரங்க சட்டத்துக்கு ஓட்டு எடுக்கச்சொல்லோ எங்க போயிட்டீங்க, எம்மெல்லே?"

அவர் நோட்டைப் புரட்டினார். "ஊட்டிக்கும்மா. கமிட்டியோட ஆஸ்பத்திரிங்கள பாக்கப் போயிருந்தேன். சட்டம்தான் ஜெயிச்சிடுச்சே."

"ஜெயிச்சிது. அங்க எழுந்து நிக்கறவங்கள எண்ணித்தான் ஓட்டு கணக்காமே? நாங்க கள எடுக்கறத உட்டுட்டு வந்து உங்களுக்காக வரிசைல நின்னோம். எங்களுக்கு நீங்க நிக்கலியே."

அவர் நோட்டை மூடினார். "நின்னிருக்கணும்மா. இன்னிக்கும் அந்தக் கொற போவல."

விக்கிரவாண்டியில் அந்த அம்மாள் இறங்கினார். மூட்டையை இறக்கிக் கொடுக்க எழுந்த எம்.எல்.ஏ. மறுபடி உட்காரவில்லை. இருக்கை காலியாகவே இருக்க, விழுப்புரம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: நின்றவர், ஒருவர்.